டெஸ்டோஸ்டிரோன் குறைவு: ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியதும் பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டியதும்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியை எனக்கு முதலில் போட்டபோது வயது 33. திருமணமாகி ஒன்றரை வருடம், குழந்தைக்காகக் காத்திருந்த நேரம். எந்நேரமும் அசதி, காலையில் எழும்போது இருக்கும் விறைப்பு நின்றுபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது, மனைவி பக்கத்தில் இருந்தும் ஆசையே வராது. ஒரு கிளினிக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, டீயும் வடையும் சாப்பிட்ட பிறகு, ரத்தம் எடுத்தார்கள். அளவு 170 என்று வந்தது. மறுநாளே ஊசி, இனி மூன்று வாரத்துக்கு ஒன்று என்று சீட்டு எழுதிவிட்டார்கள். முதல் ஊசிக்குப் பிறகு பத்து நாள் புது ஆள் போல இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். ஐந்து மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்தபோது ஒரு விந்தணுகூட இல்லை.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "தம்பி, இந்த ஊசி போடறதுக்கு முன்னாடி எத்தனை நாளைக்கு ஒருதடவை ஷேவ் பண்ணிட்டு இருந்தீங்க?" தினமும் செய்துகொண்டிருந்தவன் வாரத்துக்கு இரண்டு முறை என்று ஆகியிருந்தேன். நான் அதைக் கவனிக்கவே இல்லை, என் மனைவிதான் சொன்னாள். அடுத்து, "வண்டி ஓட்டும்போது பக்கவாட்டுல வர்றவங்க தெரியறாங்களா?" தெரியவில்லை, ஏற்கெனவே இரண்டு முறை உரசியிருந்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கிளினிக்கில் யாராவது "ஏன் குறைந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டி ஆறு மாதம் முன்னதாகவே தெரிந்திருக்கும்.

இப்போது எனக்கு 42. நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடமாக முறையாக இந்தச் சிகிச்சையில் இருப்பவன், புதிதாக இதில் காலெடுத்து வைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்க நினைத்தேன். அளவு குறைவு என்பது ஒரு அறிகுறிதான். காரணம் தெரியும் வரை ஊசியைத் தள்ளிப்போடுங்கள். கீழே எழுதியிருக்கும் வரிசை முழுக்க அதை நம்பித்தான் போகிறது.

முதலில், உடம்பில் இது எப்படி நடக்கிறது

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரிக்குக் கட்டளை அனுப்புகிறது, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது, எல்.எச். விரைகளுக்குப் போய் அங்குள்ள லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்கு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மேலே இருப்பவர்கள் கட்டளையைக் குறைத்துக்கொள்வார்கள். மோட்டார் போட்டதும் தொட்டி நிரம்பினால் தானாக நிற்குமே, அதே மாதிரி. இந்த ஒரு சுற்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும், ஊசி போட்டதும் விந்தணு ஏன் நின்றுபோனது என்பது உட்பட.

படி 1: அறிகுறிகளை எழுதி வையுங்கள்

அசதி, எரிச்சல், தூக்கமின்மை, தொப்பை, கவனம் சிதறுவது, இவை எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும், மனச்சோர்விலும் வரும், கடன் தொல்லையிலும் வரும். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஹார்மோனை நேராகச் சுட்டுகிற அறிகுறிகள் வேறு: பாலுறவில் நாட்டமே குறைவது, காலை விறைப்பு நின்றுபோவது, தாடி, அக்குள் முடி குறைவது, மார்பு பெண்களுக்குப் போல வீங்குவது, விரைகள் சிறுத்துப்போவது, சின்ன விழுதலுக்கே எலும்பு முறிவது, குழந்தை இல்லாதது. எது எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள், மனைவியையும் கேளுங்கள். நம் முகத்தை நம்மைவிட அவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

கூடவே தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்கல், வாசனையே தெரியாமல் இருப்பது, சிறு வயதில் விரை இறங்காமல் அறுவை செய்தது, பெரியவனான பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியது, கீமோதெரபி எடுத்தது, ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசி, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, டிரமடால் மாதிரி வலி மாத்திரை என எதையும் விடாமல் எழுதுங்கள். பிறவியிலிருந்தே வாசனை தெரியாத ஒருவருக்குப் பருவமடைதலும் தாமதமாகியிருந்தால் அது கால்மன் சிண்ட்ரோம் என்ற தனிக் கதை, டாக்டருக்கு அந்த ஒரு குறிப்பே போதும்.

படி 2: ரத்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள்

என் விஷயத்தில் முதலில் சொதப்பியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கும், இளைஞர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். அதனால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், ரத்தம் கொடுக்க வேண்டும். சாப்பிட்டால் அளவு இறங்கும். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில் போகாதீர்கள், உடம்புக்கு முடியாதபோது அளவு தற்காலிகமாகக் குறையும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், நன்றாகத் தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது, லேபில் சொல்லிவிட்டே கொடுங்கள்.

முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பல லேப்களில் இருக்கும் கருவி பயோட்டினால் ஏமாந்துபோகும், டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிட அதிகமாகவும் எல்.எச்., பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் ரத்த அளவு) போன்றவற்றை உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டிவிடும். குறைந்தது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஒரு முறை குறைவாக வந்தால் போதாது, வேறொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். இதை எந்த வழிகாட்டு நெறியும் விட்டுக்கொடுப்பதில்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018 நெறிப்படி டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இரண்டு முறை வந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைவு. அதே வருடம் எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட நெறி, உடல் பருமனில்லாத 19 முதல் 39 வயது ஆண்களின் இயல்பு அளவு 264 முதல் 916 வரை என்கிறது. இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர் ரிப்போர்ட்டுகளில் நானோமோல் கணக்கில் இருந்தால் குழம்ப வேண்டாம், 300 நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 10.4 நானோமோல்.

இன்னொரு சிக்கல். ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடும் ஆல்புமினோடும் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று சதவீதம்தான் தனியாகத் திரியும். உடல் பருமன், சுகர், தைராய்டு குறைவு இருந்தால் எஸ்.எச்.பி.ஜி. குறைந்துவிடும், அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் வேலை செய்கிற தனி டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். வயதானவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் இதற்கு நேர்மாறு. மொத்த அளவு 200-லிருந்து 400-க்குள் இழுபறியாக இருந்தால் எஸ்.எச்.பி.ஜி.யும் ஆல்புமினும் பார்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். நேரடியாக 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று மலிவாகச் செய்து தருகிற லேப் பரிசோதனையை ஹார்மோன் டாக்டர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை.

படி 3: ஏன் குறைந்தது?

இரண்டாவது முறையும் குறைவாக வந்தால் உடனே எல்.எச்., எஃப்.எஸ்.எச். பாருங்கள். இந்த இரண்டும் ஏறியிருந்தால் மேலிருந்து கட்டளை வருகிறது, விரைதான் வேலை செய்யவில்லை. இவை குறைவாகவோ, குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்து 'நார்மலாகவோ' இருந்தால் பிரச்சினை மேலே, பிட்யூட்டரியிலோ ஹைப்போதலாமஸிலோ. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் 150 ஆக இருக்கும்போது பிட்யூட்டரி கத்திக் கூப்பாடு போட வேண்டும், எல்.எச். சாதாரணமாக இருப்பதே அங்கே நோய்.

மேலே பிரச்சினை என்றால் புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்), தைராய்டு, காலை கார்ட்டிசால், இரும்புச் சத்துப் பரிசோதனைகள் வரும். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே போயிருந்தாலோ, புரோலாக்டின் ஏறியிருந்தாலோ, தலைவலி, பார்வைக் கோளாறு இருந்தாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். புரோலாக்டின் சுரக்கும் கட்டியாக இருந்தால் கேபர்கோலின் என்ற மாத்திரையிலேயே கட்டி சுருங்கி, பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறிவிடும், ஊசியே வேண்டாம். ஒரு மாத்திரையில் தீர்கிற ஒன்றுக்கு ஆயுள் முழுக்க ஊசி போட்டுக்கொண்டு, உள்ளே கட்டியையும் வளரவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விரையில் பிரச்சினை என்றால் டாக்டர் கட்டாயம் கையால் பரிசோதிப்பார். மணிகள் கோத்த மாலை மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள், 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை அளவுள்ள மணிகள், அவற்றோடு ஒப்பிட்டு விரையின் பருமனைச் சொல்வார்கள். கூச்சப்படாதீர்கள். சிறுத்து, கெட்டியாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனை எழுதுவார்கள், கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோமுக்காக. ஆண்களுக்கு இயல்பாக இருக்கும் எக்ஸ், ஒய்யோடு இன்னொரு எக்ஸ் சேர்ந்திருப்பது இது, ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும் வரை பலருக்கும் தெரிவதே இல்லை.

அப்புறம் மூன்றாவது கூட்டம், என்னிடம் பேசுகிறவர்களில் இவர்கள்தான் அதிகம்: 95 கிலோ, 105 கிலோ எடை, சுகர், இரவில் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, டெஸ்டோஸ்டிரோன் 250, 280. இவர்களுக்கு விரையும் பிட்யூட்டரியும் நன்றாகவே இருக்கும், உடம்பின் பளுதான் அமுக்கிவைத்திருக்கிறது. எடை குறைந்தால் அளவு ஏறும், நிறையக் குறைந்தால் நிறைய ஏறும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இது தெளிவாகவே தெரிகிறது. ஆறு மாதம் எடைக்கும் தூக்கத்துக்கும் சுகருக்கும் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். கஷ்டம்தான், தெரியும், ஆனால் ஊசி ஆரம்பித்தால் உங்கள் சொந்த உற்பத்தி நின்றுவிடும் என்பதை நினைத்தால் இந்த ஆறு மாதம் பெரிதில்லை.

படி 4: குழந்தை வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை, தொட்டி நிரம்பிவிட்டது என்று நினைத்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அணைத்துவிடும். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு செறிவாக இருந்தால்தான் விந்தணு உருவாகும், அந்தச் செறிவை எந்த ஊசியாலும் கொடுக்க முடியாது, விரை தானே சுரந்தால்தான் உண்டு. அதனால் ரத்த ரிப்போர்ட் பிரமாதமாக இருக்கும், விந்தணு மட்டும் காணாமல் போயிருக்கும். உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியை வாரம் 200 மில்லிகிராம் போட்டு ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது, 1990-ல் முடிவு வெளியானது, பெரும்பாலானவர்களுக்கு விந்தணு முற்றிலும் நின்றது. கருத்தடையாகச் சோதித்த மருந்தைக் குழந்தைக்காகக் காத்திருந்த எனக்குப் போட்டிருக்கிறார்கள். என் மனைவி அந்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பிட்யூட்டரி பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். போலவே வேலை செய்கிற எச்.சி.ஜி. ஊசி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சில மாதம் கழித்து தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்ப்பார்கள். எனக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எல்.எச். திரும்ப வரவே இல்லை, அதனால் இந்த இரண்டு ஊசியையும் தொடையிலும் வயிற்றிலும் நானே போட்டுக்கொண்டேன், மருந்து ஃப்ரிட்ஜில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பதினான்காவது மாதம் விந்தணு தென்பட்டது, அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் டெஸ்டோஸ்டிரோனுக்கு மாறினேன். எல்.எச். ஓரளவு சுரக்கிறவர்களுக்குக் குளோமிஃபீன் மாத்திரை தருவதும் உண்டு.

கிளைன்ஃபெல்டர் உள்ளவர்கள், விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி டெஸ்டோஸ்டிரோன் தொடங்கும் முன்பே யூராலஜிஸ்டிடம் பேசிவிடுங்கள். கீமோதெரபிக்குப் போகிறவர்கள் விந்தணுவை முன்கூட்டியே உறையவைத்துச் சேமிக்கலாம்.

படி 5: யாருக்கு வேண்டாம்

புரோஸ்டேட் அல்லது மார்புப் புற்றுநோய் இருப்பவர்கள், பி.எஸ்.ஏ. 4-க்கு மேல் இருந்து இன்னும் யூராலஜிஸ்ட் பார்க்காதவர்கள், ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏற்கெனவே 48 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் கடுமையாக இருந்து சிகிச்சை எடுக்காதவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளவர்கள், சிறுநீர் போவதில் கடுமையான சிரமம் உள்ளவர்கள்.

இதயம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2023-ல் டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வு வந்தது, இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த, டெஸ்டோஸ்டிரோன் 300-க்குக் கீழிருந்த, 45 முதல் 80 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் 7.0 சதவீதம், வெறும் ஜெல் பூசியவர்களுக்கு 7.3. அந்த வகையில் நிம்மதி. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் கொஞ்சம் அதிகமாக இருந்தன, எலும்பு முறிவும்கூட. புரோஸ்டேட் புற்றுநோய் இரண்டு பக்கமும் குறைவாகவே இருந்தது. பயந்து ஓடவும் வேண்டாம், டானிக் மாதிரி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வெறும் வயதுக்காகவோ, ஜிம்மில் உடம்பு ஏற்றவோ, இயல்பான அளவு இருக்கும்போதே எடுப்பது சிகிச்சையே இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மைக் குறைவுக்கு' லேகியம் விற்கிறவர்களிடம் போகாதீர்கள், அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, பணம் போவதைவிட அசல் நோய் தெரியாமல் ஒன்றிரண்டு வருடம் போய்விடுவதுதான் எனக்கு வேதனை. ஹார்மோன் டாக்டர் பக்கத்து ஊரில் இல்லை என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

படி 6: ஊசியா, ஜெல்லா, மாத்திரையா

டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் கல்லீரல் உடனே அழித்துவிடும். 1935-ல் இதைக் காளை விரையிலிருந்து பிரித்தெடுத்து, அதே வருடம் புட்டேனாண்ட்டும் ருசிக்காவும் செயற்கையாகத் தயாரித்தும்விட்டார்கள், 1939-ல் இருவருக்கும் வேதியியல் நோபல் அறிவித்தார்கள், ஆனால் உடம்புக்குள் எப்படித் தங்கவைப்பது என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை புதுப்புது விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொழுப்பு அமிலம் ஒட்டி எண்ணெயில் கரைத்துத் தசையில் போடுவது பழைய, நம்பகமான வழி.

குறுகிய கால ஊசிகளில் எனாந்தேட் இருக்கிறது, வாரம் 75 முதல் 100 மில்லிகிராம் அல்லது இரண்டு வாரத்துக்கு 150 முதல் 200 என்பது வழக்கமான அளவு. சஸ்டனான் 250 என்பது நான்கு வகை சேர்ந்த கலவை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். இவை விலை குறைவு. குறை என்னவென்றால் போட்ட சில நாள் உச்சத்தில் இருக்கும், கடைசி வாரம் சரிந்துவிடும், அந்த வாரம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருப்போம். அந்தச் சரிவு தாங்கவில்லை என்றால் அளவைப் பிரித்து அடிக்கடி போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். சஸ்டனான் கடலை எண்ணெயில் கரைத்தது, வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

நான் இப்போது போடுவது அன்டெகனோயேட் 1000 மில்லிகிராம், நீண்ட கால ஊசி. முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. ஆமணக்கு எண்ணெயில் கரைத்த நான்கு மில்லி, இடுப்புத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்படுகிற நர்ஸிடம் "மெதுவாப் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். போட்டதும் சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல் வரலாம், எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போவதால். அரிதுதான், இருந்தாலும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இதை வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளக் கூடாது.

1% ஜெல் தினமும் காலை தோளிலும் மேல்கையிலும் பூசுவது, 5 கிராமில் 50 மில்லிகிராம் மருந்து இருக்கும். அளவு சீராக இருக்கும், பக்கவிளைவு வந்தால் உடனே நிறுத்தலாம், அதனால் வயதானவர்களுக்கு இதில் தொடங்குவதை டாக்டர்கள் விரும்புகிறார்கள். குளித்துத் துடைத்த பிறகு பூசுங்கள், காய்ந்த பிறகு சட்டை போடுங்கள், கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஐந்தாறு மணி நேரம் மறுபடி குளிக்காதீர்கள். சிறு குழந்தை வீட்டில் இருந்தால் நான் ஜெல்லே வேண்டாம் என்பேன். அப்பாவின் தோளில் படுத்துத் தூங்கிய குழந்தைகளுக்கு மருந்து ஒட்டி, காலத்துக்கு முன்பே பருவ மாற்றங்கள் வந்ததால்தான் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெல் பெட்டிகளில் கடுமையான எச்சரிக்கை அச்சிடவைத்தது. என் மகள் என் தோளில்தான் தூங்குவாள், நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

அன்டெகனோயேட் மாத்திரையும் கிடைக்கிறது, கொழுப்போடு சேர்ந்து நிணநீர் வழியாக உள்ளே போவதால் கல்லீரலிலிருந்து தப்பிக்கும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்கவில்லை என்றால் ஏறாது, இரண்டு இட்லியும் சட்னியும் போதாது, நெய்யோ முட்டையோ வேண்டும். மீதைல்டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கல்லீரலைக் கெடுக்கும். எதுவானாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்குவது சட்டப்படியும் தப்பு, உடம்புக்கும் ஆபத்து.

படி 7: எப்போது என்ன மாறும்

ஆசை மூன்றாவது வாரத்திலிருந்து திரும்பத் தொடங்கும், விறைப்பு சீராக ஆறு மாதம்கூட ஆகலாம், தசையும் கொழுப்பும் மாறுவது மூன்று நான்கு மாதத்தில், எலும்புக்கு ஆறு மாதத்துக்கு மேல், முழுப் பலனுக்கு இரண்டு மூன்று வருடம். அசதி முற்றிலும் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2016-ல் முடிவு வெளியிட்ட ஆய்வில் பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது, ஆனால் உற்சாகம், தெம்பு என்று அளந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் அளவு சரியாக இருந்தும் எந்த அறிகுறியும் மாறவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள்.

படி 8: தொடர்ந்து பார்க்க வேண்டியவை

தொடங்கும் முன் ஒருமுறை, 3 முதல் 6 மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. ரத்தம் கொடுக்கும் நேரம் மருந்தைப் பொறுத்தது: எனாந்தேட் என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில், நீண்ட கால ஊசி என்றால் அடுத்த ஊசிக்குக் கொஞ்சம் முன்னால், ஜெல் என்றால் பூசி 2 முதல் 8 மணி நேரத்துக்குள். ஊசி போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு 1200 வந்திருக்கிறதே என்று பதறாதீர்கள். நடுத்தர இயல்பு அளவில் நின்றால் போதும், அதிகம் ஏற்றினால் அதிகப் பலன் என்று இதில் இல்லை.

நான் மிகவும் கவனிப்பது ஹீமட்டோகிரிட்டை. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும், 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து, ஊசியை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்குவார்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவில், சர்க்கரை நோய் வருமா என்று பார்த்த ஆய்வில், நீண்ட கால ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேர் 54-ஐத் தொட்டார்கள். அரிதான விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை 53 வந்தது, ஊசி இடைவெளியை 12 வாரத்திலிருந்து 14 ஆக்கினார் டாக்டர், இறங்கியது. புகைபிடிக்கிறவர்களுக்கும் குறட்டைக்காரர்களுக்கும் இன்னும் சீக்கிரம் ஏறும்.

பி.எஸ்.ஏ. முதல் வருடத்துக்குள் 1.4-க்கு மேல் கூடினாலோ 4-ஐத் தாண்டினாலோ யூராலஜிஸ்டிடம் போக வேண்டும். பிரஷர் பாருங்கள். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பரு, எண்ணெய் வடிவது, விரை சற்றுச் சுருங்குவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். எலும்பு மெலிந்திருந்தால் டெக்சா ஸ்கேன் ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி எடுப்பார்கள்.

என்னைப் போலப் பிட்யூட்டரி கெட்டவர்களுக்கு ஒரு குறிப்பு: கார்ட்டிசாலும் தைராய்டும் குறைந்திருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்த பிறகே டெஸ்டோஸ்டிரோன். இந்த வரிசையை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளியூர், வெளிநாடு

ஊசி தேதியை காலண்டரில் குறித்துவிட்டு அதன்படி பயணத்தை வையுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, மற்ற நாடுகளுக்குப் போகும்போதும் அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் விதியைப் பார்த்துவிட்டு, சீட்டு, டாக்டர் கடிதம், மருந்தின் அசல் பெட்டி மூன்றையும் கைப்பையிலேயே வைத்திருங்கள். போட்டிகளில் விளையாடுகிறவர்கள், மாநில அளவானாலும் சரி, ஊசி போடும் முன்பே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் மருத்துவ விலக்கு கேட்டு எழுதுங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் டெஸ்டோஸ்டிரோன் எல்லா நாளும் தடை செய்யப்பட்டது, நோய்க்காக எடுத்தேன் என்று பிறகு சொன்னால் பெரும்பாலும் எடுபடாது.